சோப்புத் தூள் டப்பாவில் பதினான்கு கத்தரிக்கோல்

என் கணவரின் தங்கையும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அடுப்படியில் முட்டிக்கொள்கிறோம், போதாக்குறைக்கு ஒரே இடத்தில் வேலையும் பார்க்கிறோம். அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவதி நான்தான். யாரையும் குறை சொல்ல முடியாது.

வேலை ஒரு ஆஸ்பத்திரியில். நோயாளி யாரும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குக் கீழே, அடித்தளத்தில், வரிசையாக நாலு அறை. மேலே ஆபரேஷன் முடிந்ததும் கத்தரிக்கோல், இடுக்கி, கிண்ணம் எல்லாம் ரத்தமும் கறையுமாகச் சின்ன லிஃப்டில் இறங்கி வரும். முதல் அறையில் கழுவ வேண்டும். இரண்டாவதில் பட்டியலைப் பார்த்து ட்ரேயில் அடுக்கி, இரட்டைத் துணி சுற்றிக் கட்ட வேண்டும். மூன்றாவதில் ஆட்டோகிளேவ் என்ற பெரிய இரும்புப் பெட்டி. அதன் நீராவியில் கிருமிகள் சாக வேண்டும். நாலாவது அறையில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக ட்ரே மறுபடி மேலே போகும்.

அறைக்கு ஒரு ஆள். கழுவுகிறவர் நுரை அண்ணன். முழங்கை வரை எப்போதும் நுரை, அதனால் அந்தப் பெயர். இரண்டாவதான துணி அறையில் என் நாத்தனார். ஆட்டோகிளேவைப் பார்த்துக்கொள்கிறவனைப் பாய்லர் என்பார்கள்; முப்பத்தைந்து வயது, சத்தமாகப் பேசுவான், சீக்கிரம் சூடாவான். ஜன்னலில் ஜன்னல் அக்கா. பதிவேடு அவர் கையில். ட்ரே எப்போது போனது, என்ன குறைந்தது, யாரால் குறைந்தது என்று மூன்று நிறப் பேனாவில் எழுதுவார். யாரால் என்பதற்குச் சிவப்பு.

நான் ஸ்டோரிலிருந்து சூப்பர்வைசராக அங்கே மாற்றலாகி வந்தபோது, அந்த நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு என்னிடம் பேசுவார்கள்.

"மேடம், அந்த ஆள்கிட்ட சொல்லுங்க, கழுவினதுல சோப்பு அப்படியே இருக்குன்னு."

"நீங்க அந்தம்மாகிட்ட சொல்லுங்க, கண்ணாடி மாத்தச் சொல்லி."

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருவர் கேன்டீன், ஒருவர் மாடிப்படிக்கு அடியில், ஒருவர் மொட்டை மாடி, ஒருவர் வண்டி நிறுத்துமிடம். ஆளுக்கொரு திசையில் பிரிந்து போவதில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை.

மேலே போகிற ட்ரேக்களில் மூன்றில் ஒன்று குறையோடு போனது. ஒரு கத்தரிக்கோல் இருக்காது, இல்லையென்றால் ஒரு கிளிப். தியேட்டர் நர்ஸ் ஜன்னலில் வந்து கத்துவார். ஜன்னல் அக்கா சிவப்புப் பேனாவை எடுப்பார். பேனா பாய்லரைக் காட்டும், பாய்லர் என் நாத்தனாரைக் காட்டுவான், அவள் நுரை அண்ணனைக் காட்டுவாள், அவர் வானத்தைக் காட்டுவார்.

ஒரு நாள் நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர். அதனால்தான் அவரைப் பார்த்தால் எல்லோருக்கும் பயம்.

"வெளி கம்பெனி ஒண்ணு இந்த வேலையை எடுத்துக்கறேங்குது. ஒண்ணாம் தேதியிலேருந்து பத்து வேலை நாள் பாக்கறேன். ஒரு ட்ரே குறைஞ்சு போனாலும் செக்ஷனை மூடிடுவேன்" என்றார். கையில் ஒரு சின்னப் புத்தகத்தையும் திணித்தார். குழுவாக வேலை செய்வது எப்படி என்று அட்டையில் போட்டிருந்தது.

மூடினால் எனக்கு ஒன்றும் ஆகாது. நான் ஸ்டோருக்குத் திரும்பிவிடலாம். மற்ற மூவரும் நிரந்தர ஊழியர்கள், வேறு செக்ஷனுக்குப் போவார்கள். என் நாத்தனார் மட்டும் தற்காலிகம். அவள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீடு என்றால் என் வீடு. கணவன் விட்டுப் போன பிறகு இரண்டு வருடம் வாய் திறக்காமல் என் பின்கட்டு அறையில் படுத்துக் கிடந்தவள், இந்த வேலைக்கு வந்த பிறகுதான் என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தாள். அவள் திரும்ப அந்த அறைக்குள் போய்ப் படுத்துவிடுவாளோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம். படுக்காமல் இருபத்துநாலு மணி நேரமும் என் அடுப்படியில் நின்றால் என்ன ஆவது என்றும் நடுக்கம்தான். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள்.

முதலில் அந்தச் சின்னப் புத்தகத்தை நம்பினேன். வட்டமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். உட்கார வைத்தேன்.

நுரை அண்ணன் ஜன்னல் அக்காவைப் பார்த்தார். நிறைய யோசித்தார். "லீவு போட்டா ரொம்ப நல்லாருப்பாங்க" என்றார். ஜன்னல் அக்கா பாய்லர் பக்கம் திரும்பி, "இருக்கற இடம் தெரியும். அந்தச் சத்தம்" என்றார். பாய்லர் என் நாத்தனாரைப் பற்றி, "கையெழுத்து அழகா இருக்கும். என்மேல புகார் எழுதினாங்கல்ல, அப்ப பார்த்தேன்" என்றான். என் நாத்தனார் முறை வந்ததும், "எனக்கு வேலை கெடக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அந்தப் புத்தகம் இப்போது ஆடும் ஒரு மேசைக்காலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே நன்றாக வேலை செய்கிறது.

ஸ்டோரில் பதினெட்டு வருடம் இருந்தவள் நான். எனக்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். வாங்கிய சாமான் எத்தனை, கையில் சுற்றுவது எத்தனை என்று உட்கார்ந்து எண்ணினேன். கணக்கில் நாற்பத்தொன்று குறைந்தது. ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலை யார் வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறார்கள்? இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும்.

மத்தியானம் நாலு பேரும் நாலு திசையில் போன அரை மணியில் தேடினேன். என் நாத்தனாரின் அலமாரியில் மடித்த துணிகளுக்கு அடியில் பதினான்கு கத்தரிக்கோல். அவளைத் திட்டுவதற்கு வாயெல்லாம் தயாராகிவிட்டது. அப்புறம்தான், இவள் ஒருத்தி மட்டும் செய்வாளா என்று தோன்றியது. நுரை அண்ணனின் சோப்புத் தூள் டப்பாவைத் துழாவினேன். தூளுக்குள் பதினொரு கிளிப். பாய்லரின் கருவிப் பெட்டியில் ஸ்பேனர்களுக்குக் கீழே ஏழு கிண்ணம். ஜன்னல் அக்காவின் அடி டிராயரில், பழைய பதிவேடுகளுக்குப் பின்னால், ஒன்பது இடுக்கி. ஆக நாற்பத்தொன்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ட்ரே குறைந்தால் பழி தன்மேல் விழாமல் இருக்க, ஆபத்துக்கு உதவும் என்று ஆளுக்குக் கொஞ்சம் பதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் பதுக்கியதால்தான் ட்ரே குறைகிறது. ட்ரே குறைவதால் இன்னும் கொஞ்சம் பதுக்குகிறார்கள். இப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் சாமான் மொத்தமும் டப்பாவிலும் டிராயரிலும் போய், வெறும் துணி மட்டும் மடித்து மேலே அனுப்பியிருப்பார்கள்.

கூப்பிட்டு வைத்துக் கத்தலாம். கத்துவது எனக்கு வராத கலை அல்ல. ஆனால் கத்தினால் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளிப்பார்கள். அதனால் வேறு ஒன்று செய்தேன். இடம் மாற்றி வைத்தேன். நாத்தனாரின் கத்தரிக்கோல்கள் சோப்புத் தூளுக்குள் போயின. கிளிப்புகள் பாய்லரின் பெட்டிக்கு. கிண்ணங்கள் ஜன்னல் அக்காவின் டிராயருக்கு. இடுக்கிகள் துணி அலமாரிக்கு. கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

மறுநாள் காலை அவர்கள் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். நுரை அண்ணன் டப்பாவுக்குள் கையை விட்டார், விட்ட கை அப்படியே நின்றது. பாய்லர் பெட்டியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். ஜன்னல் அக்கா டிராயரைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னவென்று புகார் சொல்வார்கள்? நான் ஒளித்து வைத்ததைக் காணோம் என்றா?

அதற்கு அடுத்த நாள் ஒரு ட்ரேயில் கத்தரிக்கோல் ஒன்று குறைந்தது. எப்போதும் வானத்தைக் காட்டுகிற நுரை அண்ணன், "அட, தொட்டிக்கு அடியில ஒண்ணு கெடந்துச்சே" என்று பளபளவென்று கழுவி எடுத்து நீட்டினார். நான் எதிர்பார்த்ததுதான். தான் சேர்த்ததைக் கொடுக்க மனம் வராது. அடுத்தவன் சேர்த்தது என்றால் கை தாராளமாக நீளும். அன்று சாயங்காலம் ஜன்னல் அக்காவும் இரண்டு கிண்ணங்களை எங்கேயோ கண்டெடுத்தார். ஒரு வாரத்தில் நாற்பத்தொன்றும் வெளியே வந்துவிட்டன.

ஒன்றாம் தேதி சோதனை தொடங்கியது. முதல் நாள் பதினெட்டு ட்ரே, ஒரு குறை இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நான்கு பேரும் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு துணி அறை மேசைக்கு வந்து ஒன்றாக உட்கார்ந்தார்கள். நான் உள்ளே போனால் பேச்சு சட்டென்று நிற்கும். என் தலை மறைந்ததும் குசுகுசுவென்று தொடங்கும், சிரிப்பும் கேட்கும். பேசட்டும், சிரிக்கட்டும் என்று விட்டேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது. வீட்டில் என் கணவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை அவர் பாதியில் தூங்கிவிட்டார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் எனக்குப் பயம் வந்தது.

நாலு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கதவைப் பூட்டிவிட்டுப் போகிறவள் நான்தான். துணி அறையில், மறுநாள் அடுக்குவதற்காக இடுக்கிகள் வரிசையாகக் கிடந்தன. நாளைக்கு ஒன்றே ஒன்று குறைந்தால்? இத்தனை நாள் ஓடியது தற்செயலாக இருந்தால்? நாளைக் காலை பதினோரு மணிக்கு அதிகாரி வந்து நிற்பார். என் நாத்தனார் அவருக்கு முன்னால் நிற்பாள். கை தானாக நீண்டது. ஒரே ஓர் இடுக்கியை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆபத்துக்கு உதவும் என்று.

ஆமாம். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் அவர்கள் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். நுரை அண்ணனிடம் இன்னொரு சாவி உண்டு. எனக்கு எட்டு மணி. பத்தரை வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசி ட்ரேயை அடுக்கிக்கொண்டிருந்த என் நாத்தனார் பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு தடவை பார்த்தாள்.

"அண்ணி, இடுக்கி ஒண்ணு குறையுது."

என் கோட்டுப் பை கல்லாய்க் கனத்தது. நானே எடுத்து வைத்துக்கொண்டு நானே குறைய வைத்திருக்கிறேன்! அந்த நிமிஷம் பூமி பிளந்திருந்தால் வரிசையில் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

"நல்லா பாரு" என்றேன்.

அவர்கள் தேடினார்கள். ஒருவரும் ஒருவரைக் குற்றம் சொல்லவில்லை. நுரை அண்ணன் தொட்டியின் சல்லடையைக் கழற்றிப் பார்த்தார். பாய்லர் தரையில் படுத்து ஆட்டோகிளேவுக்கு அடியில் கையை விட்டான். ஜன்னல் அக்கா குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். சிவப்புப் பேனா மேசையில் மூடியபடி கிடந்தது. நானும் தேடினேன். கோட்டுப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அலமாரி அலமாரியாகத் திறந்து மூடினேன்.

"நீங்க ஏன்மா அந்தக் கையால தேட மாட்டேங்கறீங்க?" என்றார் நுரை அண்ணன்.

"தோள் வலி" என்றேன்.

மணி பத்து நாற்பத்தைந்து. கழுவும் தொட்டி ஓரம் ஒதுங்கினேன். இடுக்கியை மெல்ல நழுவவிட்டு, அட இங்கே கிடக்கிறதே என்று எடுத்துவிடலாம். பைக்குள் கையை விட்டுவிட்டேன். நிமிர்ந்தால் வாசலில் பாய்லர், ஆட்டோகிளேவுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். பத்து நிமிஷமாக என் முட்டாள்தனத்துக்காகத் தரையில் உருண்டவன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த நாடகம் ஆட எனக்கு வரவில்லை.

இடுக்கியை எடுத்து மேசையில் வைத்தேன். "நான்தான் எடுத்தேன். நேத்து சாயங்காலம். இன்னைக்கு ஒண்ணு குறைஞ்சா குடுக்கலாம்னு. உங்களை நம்பல. தப்பு என்மேலதான். அதிகாரிகிட்ட நானே சொல்லிடறேன்" என்றேன். கண் கலங்கிவிட்டது. என் நாத்தனாருக்கு எதிரில் அழக்கூடாது என்று இருபது வருடமாகக் கட்டிக் காத்தது அன்றைக்குப் போனது.

பாய்லர்தான் முதலில் சிரித்தான். அவன் சிரிப்பும் சத்தம்தான். நுரை அண்ணன் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். என் நாத்தனார் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"பதினோரு மணிக்கு உள்ள கடைசி ட்ரே அரை மணி முன்னாடியே ஆவிக்குப் போயிடுச்சு அண்ணி. இப்ப எறக்கற நேரம். மேசையில இருக்கறது மத்தியானத்துக்கு உள்ளது."

"என்னது?"

"தினமும் போகும்போது எண்ணுவோம், வந்ததும் எண்ணுவோம். நாங்களா வெச்சுக்கிட்டது. நேத்து போகும்போது சரியா இருந்துச்சு. காலையில ஒண்ணு இல்ல. நடுவுல இருந்தது நீங்க ஒருத்தர்தான். கேட்டுடலாம்னுதான் இவங்க சொன்னாங்க. நான்தான், இருங்க, அவங்களா சொல்றாங்களா பார்ப்போம்னேன்."

"பார்த்தியா?"

"பார்த்தேன். தோள் வலியையும் பார்த்தேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் விடவில்லை. "டப்பா, டிராயர் எல்லாம் மாத்தி வெச்சதும் நீங்கதான்னு ரெண்டாம் நாளே தெரியும். என் அலமாரியில துணியைக் கலைச்சுட்டுத் திருப்பி மடிச்சு வெச்சிருந்தீங்கல்ல? அப்படிக் கோணலா மடிக்க வீட்ல உங்களால மட்டும்தான் முடியும். நேரா நுரை அண்ணன்கிட்ட போய்க் கேட்டேன், எங்க அண்ணி உங்ககிட்ட எதை வெச்சாங்கன்னு. அப்படித்தான் பேச ஆரம்பிச்சோம். உங்களைப் பத்தித்தான் பேசினோம். நெறைய இருந்துச்சு."

ஆக, என் சாமர்த்தியம் என்று நான் மார் தட்டிக்கொண்ட இத்தனை நாளும் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது என்னை மெல்லுவதற்குத்தான்.

"சரி, குறைஞ்ச ஒண்ணுக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

ஜன்னல் அக்கா தன் பேனாக்களை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். பாய்லர்தான் சொன்னான். "அக்கா ஏழரைக்கே மேல போனாங்க மேடம். தியேட்டர் நர்ஸ்கிட்ட, எங்ககிட்ட ஒண்ணு குறையுது, உங்ககிட்ட உபரி இருந்தா குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தாங்க."

ஆறு வருடமாக அந்த நர்ஸோடு ஜன்னல் அக்காவுக்குக் கத்தலைத் தவிரப் பேச்சே கிடையாது. சோதனையின் கடைசி நாளில், எங்கள் குறையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த நர்ஸ் ஒரு வார்த்தை அதிகாரியிடம் போட்டுக் கொடுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் எடுத்ததற்கு அவர் போய் நின்றிருக்கிறார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"உக்காருங்கன்னாங்க" என்றார் ஜன்னல் அக்கா. "டீ சொல்லட்டுமான்னு கேட்டாங்க. நேரமில்லைன்னுட்டேன். நாளைக்கு வரேன்னு சொல்லியிருக்கேன்."

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். ஜன்னலில் ட்ரேக்கள் வரிசையாக நின்றன, கடைசி ட்ரேயில் இன்னும் சூடு இருந்தது. பத்து நாள் பக்கங்களையும் புரட்டினார். சிவப்பு எங்கும் இல்லை. வெளி கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும், என் நாத்தனாரின் தற்காலிக வேலை உத்தரவை ஒரு வருடத்துக்கு நீட்டுவதாகவும் சொன்னார். "எப்படிம்மா செஞ்சீங்க? அந்தப் புத்தகமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் நாத்தனார் முந்திக்கொண்டாள். "புத்தகம் ரொம்ப உபயோகமா இருக்கு சார். ஒரு நாள்கூட அதை எடத்தை விட்டு நகர்த்தல."

அவர் போன பிறகு துணி அறைக்குப் போனேன். அவள் சுவரைப் பார்த்து நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வேலை நிலைச்சதுக்கு ஏண்டி அழற?"

"நீங்க எதுக்கு எடுத்தீங்க? எனக்காகவா?"

"நீ வீட்டோட இருந்தா என் அடுப்படி என்ன ஆகும்னு பயம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. "நீ மறுபடி அந்த ரூமுக்குள்ள போய்ப் படுத்துடுவியோன்னும் பயம்."

அவள் அலமாரியில் நான் கோணலாக மடித்து வைத்திருந்த துணியை எடுத்து, உதறி, நேராக மடித்து வைத்தாள்.

நாலு மணிக்கு வழக்கமான எண்ணிக்கை. அன்று எனக்கும் அழைப்பு வந்தது. ஜன்னல் அக்கா எழுத உட்கார்ந்தார். இடுக்கி சரி, கத்தரிக்கோல் சரி, கிளிப் சரி, கிண்ணம் சரி. அடுத்து அவரவர் பையை உதறிக் காட்ட வேண்டுமாம்.

"முதல்ல அண்ணி" என்றாள் என் நாத்தனார்.

கோட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். கைக்குட்டை, பேனா, பஸ் டிக்கெட்.

"உள்பை மேடம்" என்றான் பாய்லர்.

"அது காலிப்பா."

"காட்டுங்க."

காட்டினேன். ஒரு பஞ்சு உருண்டை விழுந்தது. ஜன்னல் அக்கா அதையும் எழுதிக்கொண்டார்.